மூணு-நாலு கட்டம்

கோபாலபுரம் எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
பாரத்தோடு ஒருமுறை, பாரமில்லாமல் ஒருமுறை,
கழித்தால் சரக்கு. அவ்வளவுதான் படிப்பு.

இரண்டு மணிக்கு மேல் லாரி குறையும்.
பரோட்டாக் கல்லை அணைத்துவிட்டு ஹக்கீம் வருவான்,
லாட்டரி பெஞ்சை மடக்கிவிட்டு சுரேந்திரன்.
மேஜை டிராயரிலிருந்து சீட்டை எடுப்பேன்.

காசு வைத்து ஆடும் சீட்டல்ல.
ஒவ்வொரு சீட்டும் ஒரு ஆள்.
எல்லைக்கு இந்தப் பக்கம் எட்டு டீம், அந்தப் பக்கம் ஆறு,
டென்னிஸ் பந்து, ஞாயிற்றுக்கிழமை, கடலை பிடுங்கிய காடு.
ஸ்கோர் நோட்டு என்னிடம்.
பெருக்கி, வகுத்து,
கல்யாணப் பத்திரிகை அட்டையின் முதுகில்
ஸ்கேல் வைத்து முப்பத்தாறு கட்டம் போடுவேன்.
சிவப்புப் பகடை முதல் எண், வெள்ளை இரண்டாவது.
விழுந்த கட்டத்தில் எழுதியிருப்பதுதான்
அந்தப் பந்தின் தலையெழுத்து.

மற்றவர்கள் சீட்டில் ஐந்தாறு கட்டம் அவுட்.
எங்கள் கேப்டன் சீட்டில் ஒன்பது
(அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை).

கன்னிமுத்து சீட்டு வேறு.
எட்டு சிக்ஸர், ஏழு பவுண்டரி,
பதினொரு ஒத்தை ரன்,
ஒன்பது வெறும் பந்து.
மூன்றே மேட்ச் ஆடினான் அவன், வண்ணாமடை டீமுக்கு.
அறுபத்தொரு பந்து, நூற்று நாற்பத்தேழு ரன்,
ஒருதரமும் அவுட் இல்லை.
நாலாவது ஞாயிறு வரவில்லை.
கோழி வண்டிக்கு டிரைவராகப் போய்விட்டான் என்றார்கள்.

அவுட்டே ஆகாதவனை எப்படி ஆடுவது?
விடிய விடிய அவனே நிற்பான்,
ஆட்டம் முடியாது.
அதனால் மிச்சமிருந்த ஒரு கட்டத்தில்,
சிவப்பு மூணு, வெள்ளை நாலு,
மனசில்லாமல் பென்சிலால் எழுதினேன்: அவுட்.
நோட்டில் இல்லாத ஒரே எழுத்து,
நான் போட்ட பொய்.

இரண்டு பவுலரையும் நாற்பது பரோட்டாக் கடனையும் கொடுத்து
அந்தச் சீட்டை சுரேந்திரனிடம் வாங்கினான் ஹக்கீம்.
பிளாஸ்டிக் உறை போட்டான்.
"கன்னிமுத்து எறங்கறான்" என்று அவன் சொன்னால்
சுரேந்திரன் எழுந்து ஒன்றுக்குப் போவான்.

நேற்று விடிகாலை ஒரு கோழி வண்டி மேடையில் ஏறியது.
நாற்றம் முதலில், டிரைவர் பிறகு.
இளந்தொந்தி, சட்டைப்பையில் இறகு.
ரசீதுக்குக் கை நீட்டியவன்
மேஜையில் தன் பெயரைப் பார்த்தான்.

வாசித்தான், விரலால் கட்டம் கட்டமாக,
பரீட்சை மார்க் பார்ப்பதுபோல.
விரல் மூணு-நாலில் நின்றது.
"இது எப்படித் தெரியும் உங்களுக்கு?"

சும்மா போட்டதுங்க, என்றேன்.
ஒன்றாவது இருக்கோணுமில்ல.

"மூணாவது மேட்ச். நடுப்புணிக்காரன் பந்து.
பேட்டோட ஓரத்துல உரசுச்சு, கீப்பர் புடிச்சான்.
தேங்கா லோடு ஒண்ணு ஹாரன் அடிச்சிட்டே போச்சு,
அம்பயருக்குக் கேக்கல, புடிச்சவனே கேக்கல.
பன்னெண்டுல போயிருக்கோணும் நான்.
அறுபத்தெட்டு அடிச்சு, கப்பும் வாங்கினோம்."

பின்னால் ஒரு வைக்கோல் லாரி விளக்கைச் சிமிட்டியது.
"அதுக்கப்புறம் எறங்கத் தோணலைங்க" என்றானா,
"வண்டி கெடைச்சுது" என்றானா,
கோழிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை எனக்கும்.
ரசீதை மடித்து இறகோடு வைத்துக்கொண்டான்.
கேட்டைத் தாண்டி, கேரளா போய்விட்டான்.

உறையைக் கழற்றினேன்.
பென்சில் எழுத்தின் மேலேயே
நீலப் பேனாவால் ஒருமுறை போனேன்.
ஸ்கோர் நோட்டையும் எடுத்தேன்,
அந்தப் பக்கத்தைத் திறந்தேன்,
பன்னிரண்டாவது ரன் இருந்த இடத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
மூடி வைத்துவிட்டேன். கப் இப்போது யார் வீட்டிலோ.

இன்று ராத்திரி ஹக்கீம் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து
"மை எப்படி வந்துச்சு?" என்றான்.
உருட்டு, என்றேன்.